குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணி: நட்டமைசின் 5% கண் சொட்டு மருந்து

போத்தலைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது அடியில் உறைந்து கிடக்கும் வெள்ளைப் படிவுதான். தெளிய வைத்த சுண்ணாம்புத் தண்ணி போல மேலே தெளிவு, கீழே மா. பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பாமசிக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். பழுதில்லை. அந்த வெள்ளைதான் மருந்து, மேலே நிற்பது அதைச் சுமக்கும் தண்ணி. நட்டமைசின் தண்ணியில் கரையாது என்பதால் தூளாகவே மிதக்க விட்டிருக்கிறார்கள். 5% என்றால் ஒரு மில்லிலீற்றரில் 50 மில்லிகிராம். குலுக்காமல் விட்டால் முதல் நாள் தண்ணியும் கடைசி நாள் சுண்ணாம்பும்தான் கண்ணுக்குள் போகும். இந்த மருந்தின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஒரு குணத்திலிருந்தே வருகிறது.

இது கண் சிவந்தால் விடுகிற பொது மருந்து இல்லை. கருவிழியில் பங்கசு (பூஞ்சணம்) பிடித்துப் புண்ணான கண்ணுக்கு மட்டும். திருகோணமலை மாவட்டத்தில் இந்த வருத்தம் எங்கிருந்து வருகிறது என்று பெரிதாகத் தேட வேண்டியதில்லை. கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருவில என்று எந்தப் பக்கம் போனாலும் வயல். மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு, ஆவணியை ஒட்டிச் சிறுபோக வெட்டு. நெல் சுணை, உமி, வைக்கோல் நுனி, வரம்போரத்துப் புல் எதுவும் கருவிழியைக் கீறலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசியும் சேரும். கீறலோடு மண்ணிலும் செடியிலும் வாழும் பங்கசு உள்ளே போய்விடுகிறது. மெசின் வெட்டு வந்த பிறகு கையால் அரிவது குறைந்தாலும், மெசினுக்குப் பின்னால் மூட்டை பிடிப்பவரின் முகத்துக்கு நேரேதான் சுணை பறக்கிறது.

பக்றீரியாப் புண் ஒரே இரவில் கண்ணைப் பிசுபிசுக்க வைத்து வலியால் எழுப்பிவிடும். பங்கசு அப்படி இல்லை. மண் விழுந்த மாதிரி ஒரு உறுத்தல், கொஞ்சம் சிவப்பு, வெளிச்சம் பார்க்கக் கூச்சம் என்று நாலைந்து நாள், சிலருக்கு அதைவிடவும் கூடுதலாக இழுத்தடிக்கும். பிறகுதான் கருப்பில் ஒரு சாம்பல் வெள்ளைப் புள்ளி தெரியும். அதன் ஓரம் வெட்டினாற்போல இருக்காது. பஞ்சு பிரிந்தது போல இழை இழையாகப் போகும். பக்கத்திலேயே குட்டிப் புள்ளிகளும் முளைக்கலாம். பார்ப்பதற்கு உலர்ந்து, கொஞ்சம் மேடாக இருக்கும். கருவிழிக்குப் பின்னால் அடிப்பக்கத்தில் வெள்ளையாகச் சீழ் மட்டம் கட்டி நின்றால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். ‘பூ விழுந்திட்டுது’ என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இந்தப் புண் ஆறிய பின் மிஞ்சும் தழும்பைத்தான்.

மருந்தின் பூர்வீகம் கொஞ்சம் சுவையானது. தென்னாபிரிக்காவின் நேற்றால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950களில் பிரித்தெடுத்தார்கள். பெயரும் அந்த இடத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். சீஸ் கட்டியின் மேல் பூஞ்சணம் பிடிக்காமல் தடவுகிற, பைக்கற்றில் இ235 என்று போட்டிருக்கும் பொருளும் இதேதான். பங்கசுவின் கலமென்சவ்வில் எர்கொஸ்தரோல் என்ற ஒரு கொழுப்பு இருக்கிறது. நட்டமைசின் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். மனிதக் கலத்தில் அந்தக் கொழுப்பு இல்லாததால் கண்ணுக்குப் பெரிய சேதம் செய்யாது. அமெரிக்காவில் 1978இல் அனுமதி கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2017இல் சேர்த்துக்கொண்டது.

இவ்வளவு பழைய மருந்தை ஏன் இன்னும் முதலிடத்தில் வைக்கிறோம்? வேறு மருந்துகள் சிலவற்றோடு மோதவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், இது தோற்கவில்லை. அதில் முக்கியமான ஆய்வு நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. தென்னிந்தியாவில் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் பங்கசுப் புண் வந்த 323 பேரை இரண்டு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்கு நட்டமைசின் 5%, மற்றதற்கு வொரிகொனசோல் 1% சொட்டு விட்டார்கள். ஆய்வுகூடத்தில் வொரிகொனசோல் நல்ல பெயர் எடுத்த மருந்து, கண்ணுக்குள் ஆழமாகவும் இறங்கும். எனவே அதுதான் வெல்லும் என்று பலர் நினைத்திருந்தார்கள். 2013இல் முடிவு வெளிவந்தபோது கதை மாறியிருந்தது. மூன்று மாதம் கழித்து எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னதில் நட்டமைசின் விட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு வரி கூடுதலாக வாசித்தார்கள். கருவிழி ஓட்டை விழுந்தவர்களும், மாற்றுக் கருவிழி வைக்க வேண்டி வந்தவர்களும் அந்தப் பக்கத்தில் குறைவு. பியூசேரியம் என்ற பங்கசு பிடித்த கண்களில் வித்தியாசம் நாலு வரி. மற்றப் பங்கசுகளில் இரண்டு மருந்தும் ஏறக்குறைய ஒன்று. வொரிகொனசோல் பக்கம் மோசமாகப் போகிறது என்று கண்டதும் ஆட்களைச் சேர்ப்பதையே இடையில் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த கேள்வி, முற்றிய புண்ணுக்குச் சொட்டோடு வொரிகொனசோல் குளிசையும் கொடுத்தால் என்ன என்பது. இந்தியாவிலும் நேபாளத்திலும் 240 பேரில் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் கண் ஓட்டையாவது குறையவில்லை. ஈரல் பரிசோதனையில் கோளாறு, கண்ணில் நிறம் மாறித் தெரிவது போன்ற பக்க விளைவுகள்தான் கூடின. அந்த மருந்தையே ஊசியால் கருவிழிக்குள் ஏற்றியும் பார்த்தார்கள், நன்மை இல்லை. புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்கும் முறையைச் சேர்த்துப் பார்த்ததிலும் நன்மை இல்லை, பார்வை இன்னும் குறைந்தது. மலிவாகவும் இலகுவாகவும் கிடைக்கிற குளோர்ஹெக்சிடின் 0.2% சொட்டு இதற்கு ஈடாக இருந்தால் வசதி என்று நேபாளத்தில் 354 பேரில் ஒப்பிட்டார்கள். 2022இல் வந்த முடிவில் அங்கேயும் நட்டமைசின்தான் முன்னால் நின்றது.

ஆகவே மருந்துக்குப் புள்ளி போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு. குறைத்த ஒரு புள்ளி, ஆழத்துக்கு இறங்காத குணத்துக்காக. துகள் பெரிது, கருவிழியின் மேல் தோலைத் தாண்டி உள்ளே போக மிகவும் கஷ்டப்படும். மேலோட்டமான புண்ணில் வேலை கச்சிதம். புண் உள்தட்டு வரை போய்விட்டால் தடுமாறும். கண் வைத்தியர் ஒவ்வொரு முறையும் புண்ணின் மேலிருக்கும் செத்த தோலைச் சுரண்டி எடுப்பதற்கு ஒரு காரணம் இதுதான். சுரண்டிய இடத்தில் மருந்து நேராகப் படும். ‘புண்ணைப் போய்க் கிளறுகிறாரே’ என்று பயந்து அடுத்த கிளினிக்கைத் தவறவிட வேண்டாம்.

இனி எத்தனை போத்தல் தேவை என்ற கணக்கு. பாதியில் மருந்து முடிவதுதான் அதிகம் நடக்கிற பிழை. மேலே சொன்ன அரவிந்த் ஆய்வில் விட்ட அளவு இது: முதல் ஒரு கிழமை, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு துளி. அதன்பின் மூன்று கிழமை முடியும் வரை இரண்டு மணிக்கு ஒரு துளி. ஒரு நாளில் 16 மணி நேரம் விழித்திருந்தால் முதல் கிழமைக்கு 112 துளி, அடுத்த இரண்டு கிழமைக்கும் சேர்த்து இன்னொரு 112. மொத்தம் 224. ஒரு மில்லிலீற்றருக்குச் சுமார் 20 துளி என்று பிடித்தால் 11 மில்லிலீற்றருக்கு மேல் வரும். கன்னத்தில் வழிவதையும் சேர்த்தால் 5 மில்லிலீற்றர் போத்தல் மூன்று கைவசம் இருக்க வேண்டும். 3 மில்லிலீற்றர் போத்தல் என்றால் நாலு நாளைக்கும் காணாது. போத்தலோடு வரும் துண்டில் மூன்று நாலு நாளுக்குப் பிறகு நாளைக்கு 6 முதல் 8 துளி, மொத்தம் 14 முதல் 21 நாள் என்று இதைவிட இளக்கமாகப் போட்டிருப்பதும் உண்டு. எதைப் பின்பற்றுவது என்பதைப் புண்ணைப் பார்த்த வைத்தியர்தான் சொல்ல வேண்டும். மோசமான கண்ணுக்கு முதல் இரண்டு நாள் இரவிலும் எழுப்பி விடச் சொல்வார்கள். அப்போது கணக்கு இன்னும் கூடும். திருகோணமலை நகரத்துப் பாமசிகளுக்குப் போக முன்னர் தொலைபேசியில் கேட்டு, முழுக் கணக்கையும் ஒரேயடியாக எடுத்துக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசித் துளி முடிந்து திங்கள் காலை வரை காத்திருந்தால் பங்கசுவுக்கு இரண்டரை நாள் விடுமுறை கொடுத்த மாதிரி.

விடும் முறை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவும். மூடியோடு போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கவும். எத்தனை தடவை என்று எண்ண வேண்டாம், அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை முழுதும் விட்டுப்போய் மோர் மாதிரி ஒரே நிறமாகும் வரை. ஒவ்வொரு துளிக்கும் முன்னர் இதைச் செய்ய வேண்டும். காலையில் ஒரு முறை குலுக்கியது மதியத்துக்கு உதவாது. தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி விரியும். அதற்குள் ஒரே ஒரு துளி. போத்தல் மூக்கு இமை மயிரில் முட்டக் கூடாது. முட்டினால் கண்ணிலுள்ள கிருமி போத்தலுக்குள் போய், மூன்று கிழமையும் திரும்பத் திரும்பக் கண்ணுக்கே வரும். இரண்டு துளி விட்டால் கெதியாக மாறும் என்பது வீண் ஆசை. அந்தப் பை ஒரு துளியைக்கூட முழுதாகப் பிடிக்காது, மிச்சம் கன்னத்துக்குத்தான் போகும். விட்டபின் இறுக்கிப் பொத்தாமல் மெதுவாக மூடி, மூக்குப் பக்க மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்தவும். வேறு சொட்டும் தந்திருந்தால் தெளிந்த மருந்தை முதலில் விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து இதை விடவும். களிம்பு எல்லாவற்றுக்கும் கடைசியில்.

இரண்டு நாளில் இமை ஓரத்திலும் புண்ணின் மேலும் வெள்ளையாகக் கட்டி நிற்கும். அது சீழ் இல்லை, படிந்த மருந்து. இமையில் இருப்பதைக் கொதித்தாறிய தண்ணியில் நனைத்த சுத்தமான பஞ்சால் துடைக்கலாம். புண்ணின் மேல் இருப்பதைத் தொடாதீர்கள், அது அங்கே நிற்பது நல்லது. அதை வைத்துப் புண் பெருத்ததா சிறுத்ததா என்று வீட்டுக் கண்ணாடியில் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். வைத்தியரே அதை ஒதுக்கிவிட்டுத்தான் அளப்பார். கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டக் கூடாது. உள்ளே சூடும் ஈரமும் பங்கசுவுக்குப் பிடித்த சூழல். கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போதும்.

இந்த மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதிக்கு மருந்து காரணமே இல்லை. முன்னாலேயே ஸ்டீரொயிட் விட்டு வந்த கண்தான் காரணம். கண் சிவந்தது என்றதும் சிட்டை இல்லாமல் பெட்டிக் கணக்கில் வாங்கக்கூடியது டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் கலந்த சொட்டு. விட்ட இரண்டாம் நாள் சிவப்பும் வலியும் குறையும், வாங்கினவருக்குச் சந்தோஷம். குறைந்தது உடம்பின் எதிர்ப்பு மட்டும், பங்கசு இல்லை. தடுக்க ஆளில்லாமல் அது உள்ளே இறங்கிக்கொண்டே போகும். ஸ்டீரொயிட்டுக்கு ஒரு இடம் இருக்கிறதா என்று 500 பேரில் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வும் உண்டு. அதில் ஆய்வுகூடத்தில் பக்றீரியா என்று உறுதிப்படுத்திய கண்களுக்கு மட்டும், 48 மணி நேரம் அன்ரிபயோட்டிக் விட்ட பிறகுதான் கொடுத்தார்கள். அவ்வளவு கவனமாகக் கொடுத்தும் மூன்று மாதத்தில் மொத்தமாகப் பார்வையில் வித்தியாசம் இல்லை. வயலில் சுணை பட்ட கண்ணுக்கு, என்ன கிருமி என்றே தெரியாமல் விடுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பாலூட்டும் தாயின் பால், தேன், நந்தியாவட்டைச் சாறு, நாக்கு நுனியால் உமி எடுப்பது எல்லாம் புண்ணுக்குள் புதுக் கிருமியைக் கொண்டுபோகும் வழிகள்தான்.

எனவே இந்த மருந்தை வாங்க முன்னர் பார்க்க வேண்டியது சுரண்டல் பரிசோதனை. கண்ணை மரக்க வைத்து, புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்து, 10% பொற்றாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பங்கசு இழைகள் சில நிமிடத்திலேயே தெரியும். வளர்ப்புப் பரிசோதனைக்கு நாட்கள் பிடிக்கும், அதற்காக மருந்தைத் தள்ளிப்போடுவதில்லை. வீட்டில் கிடந்த சொட்டு எதையாவது விட்டிருந்தால் அந்தப் போத்தலையும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். ஒளித்தால் சிகிச்சை தடம் மாறும். சீனி வருத்தம் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லவும், அந்தக் கண்கள் ஆற நாள் கூடும்.

மற்ற மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. வொரிகொனசோல் 1% பெரும்பாலும் ஊசி மருந்துத் தூளிலிருந்து வைத்தியசாலையிலேயே கரைத்துத் தருவது. 200 மில்லிகிராம் குப்பிக்குள் 19 மில்லிலீற்றர் தண்ணி விட்டால் 1% வரும். ஆழமான புண்ணுக்கு நட்டமைசினோடு துணைக்குச் சேர்ப்பார்கள். அம்போதெரிசின் 0.15% ஈஸ்ட் வகைப் பங்கசுவுக்கு நல்லது. அதைச் சேலைனில் கரைத்தால் திரிந்துவிடும், வெளிச்சமும் ஆகாது. புளுக்கொனசோல் சொட்டு வயலில் பிடிக்கிற இழைப் பங்கசுவுக்குப் பிரயோசனமில்லை, பியூசேரியம் அதைச் சட்டையே செய்யாது. தோலுக்குப் பூசும் குளோற்றிரிமசோல் கிறீமைக் கண்ணுக்குள் வைக்கவே கூடாது.

வைக்கும் இடம். 2 முதல் 24 பாகை செல்சியசுக்குள், வெளிச்சம் படாமல், உறையாமல். திருகோணமலை வெயிலில் அலுமாரித் தட்டு அந்தக் கணக்குக்குள் வராது. பிரிஜ்ஜின் கதவுத் தட்டு சரி, ஐஸ் பெட்டிக்குள் வேண்டாம். பிரிஜ் இல்லாத வீட்டில் போத்தலைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, குடிதண்ணிப் பானைக்குப் பக்கத்தில் நிழலில் வைக்கலாம். ஓட்டோ டாஷ்போர்ட்டும் சைக்கிள் கூடையும் கூடாது. வாங்கும்போது மூடி முத்திரை உடையாமல் இருக்கிறதா, காலாவதித் திகதி என்ன, பதிவு இலக்கம் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடவும். 2023இல் நம் நாட்டில் கண் சத்திரசிகிச்சைக்குப் பின் விட்ட பிரெட்னிசொலோன் சொட்டு ஒன்றால் நோயாளர்களின் கண்ணில் தொற்று ஏற்பட்டு அதைப் பாவனையிலிருந்து நீக்கினார்கள். அந்தப் பயம் வீண் பயம் இல்லை.

ஏழு முதல் பத்து நாள் ஒழுங்காக விட்டும் புண் சிறுக்கவில்லை என்றால் அது வேறு கிருமியாக இருக்கலாம், அல்லது ஆழமாகப் போயிருக்கலாம். மீண்டும் சுரண்டிப் பார்க்க வேண்டும். திடீரென்று சூடான தண்ணி வழிந்து, வலி மாறி, பார்வை மங்கினால் கருவிழி ஓட்டையாகிவிட்டது என்று எடுத்து, கண்ணை அழுத்தாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போகவும். கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்பினால் இரவு பஸ்ஸிலும் மணிக்கு ஒரு துளி நிற்கக் கூடாது. தொலைபேசியில் அலாரம் வைத்து, போத்தலை மடிப்பைக்குள் குளிர்ப் பொதியோடு எடுத்துச் செல்லவும். மாற்றுக் கருவிழி விஷயத்தில் இந்த நாட்டுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கம் வெளிநாடுகளுக்கே கண் அனுப்புகிறது. ஆனால் பங்கசு உயிரோடு இருக்கும்போது வைத்த கருவிழியிலும் அது திரும்ப வரலாம், எனவே அங்கேயும் இந்த வெள்ளைத் தண்ணி தொடரும்.

சுணை பட்ட அன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அதற்கு நட்டமைசின் தேவையில்லை. நேபாளத்தின் பக்தப்பூரில், கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் குளோரம்பெனிக்கோல் 1% களிம்பைத் தொடங்கி நாளைக்கு மூன்று முறை மூன்று நாள் போட்டவர்களுக்குப் புண்ணே வரவில்லை என்று 2001இல் எழுதினார்கள். பிறகு ஊர் ஊராகத் தொண்டர்களை வைத்துப் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்து 2022இல் வெளிவந்த ஆய்வில் ஊர் முழுதுக்குமான புண் கணக்கு குறையவில்லை. எனவே ஊருக்கே இதுதான் தீர்வு என்று சொல்ல முடியாது. தனி ஆளுக்கு, கீறல் பட்ட அன்றே வைத்தியரிடம் காட்டிக் களிம்பு கேட்பதில் நட்டம் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாளும் உறுத்தினால் திரும்பப் போக வேண்டும். மெசினுக்குப் பின்னால் நிற்பவருக்கு, பக்கமும் மூடிய சாதாரணப் பிளாஸ்ரிக் கண்ணாடி ஒன்று இவ்வளவு மருந்தையும் மிச்சம் பிடிக்கும்.

மேல் தோல் மூடி உறுத்தல் போனதும் மருந்தை நிறுத்துகிறவர்கள் ஏராளம். தோல் மூடியது என்றால் பங்கசு செத்தது என்று இல்லை, மூடிய தோலுக்குக் கீழே அது இருக்கலாம். நிறுத்தச் சொல்லும் வரை விடவும். போத்தலைத் திறந்த திகதியை லேபிளில் பேனையால் எழுதி, ஒரு மாதத்துக்குப் பிறகு மிச்சம் இருந்தாலும் எறிந்துவிடவும். அடுத்த போகத்தில் பக்கத்து வீட்டாரின் கண் சிவந்தால் அந்த மிச்சத்தைக் கொடுக்க வேண்டாம். அவருடைய கண்ணில் இருப்பது பங்கசுதானா என்று நுணுக்குக்காட்டிதான் சொல்ல வேண்டும்.